திறந்தால் கெட்டுவிடும் பெட்டியோடு ஊரிகத்துக்கு

ரெபேக்காவுக்கும் சாமுவேல் வாத்தியாருக்கும் கல்யாணம் என்று, ஆட்சேபணை கேட்டு மூன்று ஞாயிறு வாசிக்கிற அறிக்கையை இரண்டாம் தடவை வாசிக்கும்போது மிஷன் கோயிலில் ஒருவர் எழுந்து நின்றார். புடவை மூட்டையைச் சுமந்துகொண்டு மாதாமாதம் தங்கவயல் வரை போய் விற்றுவருகிற ஞானமுத்து.

"ஆட்சேபணை இருக்குதுங்க ஐயரே. இந்தப் பொண்ணோட வூட்டுக்காரன் தேவசகாயம் உசிரோட இருக்கிறான். தங்கவயல் ஊரிகத்துல சுரங்க ஷிப்டுக்குப் பேர் கூப்பிட்டாங்க. தேவசகாயம், அப்பன் மோசே, ஊர் லத்தேரின்னு. 'இருக்கேன்'னு சொல்லி ஒரு ஆளு உள்ள போனான். என் காதால கேட்டேன்."

"முகத்தைப் பார்த்தீரா?" என்று பாதிரி ஐயர் கேட்டார்.

"முதுகத்தான் பார்த்தேன்."

முதுகே போதுமானதாக இருந்தது. மூன்றாம் அறிக்கை நின்றுபோயிற்று.

ரெபேக்கா எங்கள் மிஷன் மருந்துசாலையில் நர்ஸ். நான் அங்கே கம்பவுண்டர். அவள் கணவர் சுரங்கத்துக்குப் போய் ஏழு வருஷம் ஆகிறது. முதல் சில மாதங்களுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. பஞ்சத்தில் பெற்றோரை இழந்து லத்தேரி மிஷனில் வளர்ந்தவர், விசாரிக்க உறவு என்று யாரும் கிடையாது; எங்கள் சபையில் அவர் முகம் தெரிந்தவள் ரெபேக்கா ஒருத்திதான். ரெபேக்காவே நேரில் போய்ப் பார்க்கலாம். ஆனால் ஆள் உயிரோடு இருந்து, அவளைப் பார்த்து, "வா வீட்டுக்கு" என்று கையைப் பிடித்தால் தடுக்க யாராலும் முடியாது. நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஆகவே நான் போய் அந்த முகத்தை மட்டும் படம் பிடித்துக் கொண்டுவருவது என்று முடிவாயிற்று. ரெபேக்கா பார்த்துவிட்டு, வேதபுத்தகத்தின் மேல் கை வைத்து, ஆமென்றோ இல்லையென்றோ சொல்ல வேண்டும். ஐயர் அதற்கு ஒப்புக்கொண்டார். ஞானமுத்து அரை மனதோடு ஒப்புக்கொண்டார்.

எங்கள் டாக்டர் அம்மாள் வெயிலுக்கு மலைக்குப் போகும்போது காமிராவை என் பொறுப்பில் விட்டிருந்தார். கட்டிகளையும் புண்களையும் படம் பிடித்துக் கழுவி வைப்பது என் வேலைகளில் ஒன்று. எடுத்துவைத்தவை: மடக்குக் காமிரா, அதற்குள் ஒரு பிலிம் சுருள், பழுப்புச் சீசாவில் பைரோ, பொட்டலத்தில் ஹைப்போ உப்பு, கொஞ்சம் படிகாரம், இரண்டு பீங்கான் தட்டு, மாற்றுப் புடவை. பிலிமைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. படம் பிடித்த பிலிமை இருட்டில் திறந்து, முதலில் பைரோவிலும் பிறகு ஹைப்போவிலும் கழுவ வேண்டும். அதற்கு முன்னால் சிவப்பு வெளிச்சம் தவிர வேறு ஒரு கீற்று பட்டாலும் எல்லாம் போய்விடும்.

"அடையாளம் ஏதாவது?" என்று புறப்படும்போது கேட்டேன்.

"அவங்களுக்கு இடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கும்," என்றாள் ரெபேக்கா. சற்று யோசித்து, "ஆனா அத நம்பாத. மூஞ்சிய நான் பார்க்கணும்," என்றாள்.

சனிக்கிழமை ரயிலிலிருந்து இறங்கியதும் ரெபேக்கா சொன்னது எவ்வளவு சரி என்று தெரிந்தது. ஊரிகம் பிளாட்பாரத்தில் எனக்கு எதிரே வந்த ஆண்களில் பாதிப் பேருக்குப் புருவத்திலோ நெற்றியிலோ நீலம் பாய்ந்த வெட்டு. வேட்டு வைக்கும்போது தெறிக்கிற கல்லின் வேலை.

வெளியே போகும் வழியில் ஒரு மேஜை போட்டுச் சுரங்கக் கம்பெனியின் காவல் ஜமேதார் உட்கார்ந்திருந்தார். பெரிய மீசை, சிறிய கண்கள். என் பெட்டியிலிருந்து பழுப்புச் சீசாவை எடுத்து ஆட்டிப் பார்த்தார்.

"இது இன்னா?"

"மருந்து."

"இன்னா நோவுக்கு?"

"படத்துக்கு."

"படத்துக்கு இன்னா நோவு?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஹைப்போ பொட்டலத்தைப் பிரித்து, வெள்ளை உப்பை விரலால் கிளறி, முகர்ந்து, என் முகத்தைப் பார்த்தார். பிறகு காமிராவின் மேல் கை வைத்தார்.

"இதத் தொற."

"திறந்தால் கெட்டுவிடும்."

"கெட்டுப் பூடுமா? உள்ள இன்னா வெச்சிகினு கீற, மீனா?"

நான் கையை எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. கடைசியில் அவருக்கே ஒரு நியாயம் தோன்றிற்று. "உள்ள வர்றவங்க தங்கம் கொண்டாரப் போறதில்ல. போறப்ப தொறந்து காட்டணும். மூடின பொட்டி ஒண்ணும் இந்த ஸ்டேஷனத் தாண்டாது, அது கவர்னரு பொட்டியா இருந்தாலும் சரி." சீசா, பொட்டலம், படிகாரம் மூன்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டினார். தங்கத்தின் தரம் பார்க்கிற அஸ்ஸே ஆபீஸ் என்று ஒன்று இருக்கிறதாம். அங்கே சோதித்து, தங்கம் கரைக்கிற சரக்கு இல்லை என்று சொன்னால்தான் திருப்பித் தருவார்களாம்.

ஆக, ஜட்கா வண்டியில் ஏறும்போதே என் நிலைமை தெளிவாகிவிட்டது. படம் எடுத்தால் இங்கேயே கழுவியாக வேண்டும், கழுவாத சுருளை வெளியே போகும்போது ஜமேதார் வெயிலில் பிரித்துவிடுவார். கழுவ மருந்து இல்லை. மருந்து போன இடம் கம்பெனியின் இடம். இந்த ஊரில் யாரையும் நம்புவதற்கு இதுவரை ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஜட்காவும் பாதி வழிதான். தாதுக்கல்லை இடிக்கிற ஆலையை நெருங்கியதும் மட்டக்குதிரை நடுரோட்டில் நின்றுவிட்டது. பூமியே பல் கடிப்பது போன்ற சத்தம் அது. இரவு பகல் ஓய்வதில்லையாம், அதனால் இந்த ஊரில் ரகசியம் பேசுகிறவர்கள்கூடக் கத்தித்தான் பேசுகிறார்கள். "பேத்தமங்களா குதிர, டீச்சரம்மா," என்றார் வண்டிக்காரர். "ஏரிக்கரையில வளந்தது. இன்னும் பழகல. கொஞ்சம் நடந்துடுங்க." கம்பவுண்டர் என்று திருத்தினேன். "சரி டீச்சரம்மா," என்றார்.

நான் தங்கியது எங்கள் சபைக்காரர் ஒருவரின் அக்கா மார்த்தாவின் வீட்டில். மூங்கில் தட்டி, மேலே மண் பூச்சு, வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். இதை லைன் என்கிறார்கள். உள்ளே போனதும் நான் முதலில் பார்த்தது சுவரை. பூச்சு உதிர்ந்த இடங்களிலெல்லாம் பகல் உள்ளே எட்டிப் பார்த்தது. இருட்டறைக்கு ஆகாது.

மார்த்தாக்கா கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். எங்கள் ஊரிலும் களி உண்டு, ஆனால் அதற்கென்று ஒரு வேளை உண்டு. இங்கே ஷிப்டு முடிந்து மனிதர் எப்போது வருகிறாரோ அதுதான் காலை. பக்கத்து வீட்டில் ஒருவர் சாயங்காலம் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு இங்கேயே கழுவினால் என்ன? மருந்து எங்கேயாவது கிடைத்தால்?" என்று கேட்டேன்.

மார்த்தாக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "ஏம்மா, எங்கள ஜெயிலுக்கு அனுப்பத்தான் வந்தியா? பக்கத்து லைன்ல ஒருத்தன் ராத்திரி ஈயம் காச்சினான், புள்ளைக்குத் தாயத்து செய்ய. விசிலு ஊதிகினு வந்து கதவ ஒடச்சிட்டாங்க. செவப்பு வெளிச்சம், தட்டு, மருந்து நாத்தம். இந்த மூணும் ஒரு வூட்டுல இருந்தா அது தங்கந்தான். நீ படம்னு சொல்லு, பாட்டுன்னு சொல்லு, எவன் கேப்பான்?"

இரவில் எந்த அறையும் இருட்டறைதான் என்பது நான் படித்த பாடம். இந்த ஊருக்கு அது பொருந்தாது என்று அன்றே தெரிந்துகொண்டேன்.

"தேவசகாயம் என்று ஒருவர் இருக்கிறாராமே, லத்தேரிக்காரர்?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுவைத்தேன்.

"இருக்கான், எட்டாம் லைன்ல. பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க. கோயிலுக்கு வருவான், உபதேசியார் வந்து இஸ்துகினு போனா. எல்லாரும் உக்காந்தா இவன் நிப்பான், எல்லாரும் நின்னா உக்காருவான். போன கிறிஸ்மஸ்ல என்னக் கேக்கறான், அடுத்த லீவு எப்பக்கா வருதுன்னு."

பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். ரெபேக்காவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், கோயில் முற்றத்தில் நல்ல வெயிலில், சபையாரைப் படம் பிடிக்கப் போவதாக அறிவித்தேன். மார்த்தாக்கா ஆட்களை இழுத்து நிறுத்தினார். படம் பிடித்தால் ஆயுள் குறையுமா என்று ஒரு கிழவர் கேட்டார். "உங்களுக்கு இனிமே கொறைய இன்னா கீது," என்று யாரோ சொன்னார்கள். நீலச் சட்டை போட்ட ஒருவர் வேலியோரமாக நழுவப் பார்த்தார். "தேவசகாயம், எங்க ஓடற?" என்று மார்த்தாக்கா கூப்பிட்டதும் எல்லோரும் திரும்பிப் பார்க்க, அவர் வந்து ஓரத்தில் நின்றார். ஒட்டிய கன்னம், அடர்ந்த முடி. இடது புருவத்தில் நீல வெட்டு. வலது புருவத்திலும் ஒன்று.

முதல் தடவை நான் விசையைத் தட்டியபோது அவர் கை முகத்துக்கு முன்னால் போயிற்று. நான் சுருளை நகர்த்தினேன். இரண்டாம் தடவை அவர் மனைவியின் இடுப்பிலிருந்த குழந்தை அவர் காதைப் பிடித்து இழுத்தது. அவர் நிமிர்ந்தார். தட்டினேன். முகம் விழுந்திருக்கும் என்று நினைத்தேன். நினைப்பது போதாது.

கலைந்தபோது அந்த மனைவியிடம் போய், குழந்தையைக் கொஞ்சிவிட்டு, "வீட்டுக்காரர் பெயர் என்ன?" என்று கேட்டேன். அவள் வெட்கப்பட்டு மார்த்தாக்காவைப் பார்த்தாள். "நீ சொல்லுக்கா."

"தேவசகாயம்னு சொன்னேனே," என்றார் மார்த்தாக்கா.

இதில் துப்பு ஒன்றும் கிடைக்காது. புருஷன் பெயரை எந்தப் பெண்தான் வாயால் சொல்வாள்? ரெபேக்காவும் ஏழு வருஷமாக "அவங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

திங்கட்கிழமை கடைத்தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் நாயுடுவிடம் போனேன். அரண்மனையும் ஏரியும் எழுதிய திரைக்கு முன்னால் ஒரு நாற்காலி, அதன் மேல் பூனை. பொதுவாகக் கண்ணாடித் தட்டில் படம் பிடிக்கிறவர்கள் பிலிமைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். நாயுடுவோ கறுப்புக் காகிதத்துக்குள் சுற்றி மூடியிருந்த என் சுருளைப் பார்த்ததும் மலர்ந்தார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

"வெச்சிட்டுப் போங்கம்மா. சாயந்தரம் வந்து வாங்கிக்குங்க."

"எதில் கழுவுவீர்கள்?"

"மருந்துலதான்."

"எந்த மருந்து?"

"நல்ல மருந்து."

"நானும் கூட இருக்கிறேன். எனக்குப் பழக்கம்."

"இருட்டறைல பொம்பளைங்க நின்னா மருந்து முறிஞ்சி பூடும்மா. எங்க தொழில்ல அப்படி ஒரு இது."

நான் இதுவரை எத்தனையோ சுருள் கழுவியிருக்கிறேன், ஒரு மருந்தும் என்னைக் கண்டு முறிந்ததில்லை என்றேன். அவர் அதைக் கேட்காதவர் போல, "ரெண்டே ரெண்டு படம். அதுக்கு எதுக்கும்மா இவ்வளவு கேள்வி?" என்றார்.

எத்தனை படம் என்று நான் சொல்லவே இல்லை.

மேஜை மேல் இருந்த சுருளை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். பூனை மட்டும் வழியனுப்ப வந்தது. வழியில் கம்பெனி ஆஸ்பத்திரி மருந்துக் கூடத்தில் என் தொழில்காரர் ஒருவர் இருப்பாரே என்று நுழைந்தேன். மரியாதையாகப் பேசினார். ஹைப்போ கிடையாது, பைரோ கிடையாது, இருட்டறை கிடையாது. "இதுக்கெல்லாம் அஸ்ஸே ஆபீஸ்தாம்மா," என்றார். எல்லா வழியும் அங்கேயே போய் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை மார்த்தாக்காவும் நானும் அந்த ஆபீசுக்கு நடந்தோம். தங்கம் எடுத்த பிறகு கொட்டிவைத்த வெள்ளை மண் மேட்டைச் சுற்றிப் பாதை போகிறது. எங்கள் பாலாற்று மணலைப் போலவே இருக்கும், ஆனால் அதில் ஒரு புல் முளைக்கவில்லை. அந்த மேட்டின் நிழலில் நீலச் சட்டைக்காரர் நின்றிருந்தார். ஷிப்டு முடிந்து நேரே வந்திருக்க வேண்டும். காதுக்குள்ளெல்லாம் மண்.

"டீச்சரம்மா, நாயுடு கடையில குடுக்கலயாமே?"

"அவரிடம் எண்ணிக்கை சொன்னது நீங்கள்தானா?"

மறுக்கவில்லை. "வெளிச்சத்துல ஒரு தபா காட்டிடுன்னு கேட்டுக்கினேன். தப்புதான். கம்பெனிக்காரங்க வேல டிக்கெட்டுல மூஞ்சி ஒட்டப் போறாங்களாம். பேருக்கும் மூஞ்சிக்கும் சரி பாக்க ஒரு அம்மாவ அனுப்சிருக்காங்கன்னு லைன் பூரா பேச்சு. நீதானே அது?"

"என்னை அனுப்பியது கம்பெனி இல்லை. தேவசகாயத்தின் மனைவி."

அவர் முகத்தில் நான் எதிர்பார்த்தது பயம். அவர் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ரெபேக்காம்மா," என்றார். "அந்தாளு சொல்லுவான், நல்லா பாடும்னு."

பிறகு சொன்னார். தன் பெயர் முனுசாமி. தேவசகாயமும் இவரும் ஒரே மேஸ்திரி கொண்டுவந்த ஆட்கள், ஒரே வீட்டில் இருந்தார்கள். வந்த வருஷமே தேவசகாயத்துக்கு வாந்திபேதி. காலையில் ஆள் இல்லை. தேவசகாயம் கீழே சுரங்கத்தில் இறங்குகிற டிக்கெட்காரர், முனுசாமி மேலே கல் பொறுக்குகிறவர். கீழே இறங்குகிற டிக்கெட் லேசில் கிடைக்காது. அதை விட மேஸ்திரிக்கு மனமில்லை.

"மேஸ்திரி சொல்றான், டேய் முனுசாமி, செத்தது நீ. போ, அவன் டிக்கெட்ட எடுத்துகினு ஷிப்டுக்கு ஓடுன்னு. ஓடனேன். தேவசகாயம்னு கூப்டாங்க. இருக்கேன்னேன். ஏழு வருசமா இருக்கேன். அந்தாளு பேரு வேலைக்குப் போய்கினுதான் இருக்குது. ஆளுதான் இல்ல."

"எங்கே புதைத்தார்கள்?"

"மேட்டுக்கு அந்தாண்ட. முனுசாமின்னு எழுதிகினாங்க. வருசா வருசம் போய் ஒரு சூடம் கொளுத்திட்டு வரேன், எனக்கு நானே. அந்தாளு வேதக்காரனாச்சேன்னு ஒரு மெழுகுவத்தியும் வெப்பேன்."

வாயில் கை வைத்தபடி நின்றிருந்த மார்த்தாக்கா இப்போது கேட்டார்: "அப்ப கோயில்ல எங்க கூட நின்னது?"

"பேரு கிறிஸ்டீன் பேராப் பூட்ச்சே, இன்னாக்கா பண்றது? ஆடி மாசம் ஆத்தாளுக்குக் கூழு ஊத்த லீவு கேட்டா, நீ வேதக்காரன்டா, ஒனக்கு இன்னாடா ஆத்தான்றாங்க."

நான் சிரிக்கவில்லை. ஓடிப்போன புருஷன் ஒருவன், இரண்டாவது பெண்டாட்டியோடு பிடிபட்டால் என்ன சொல்வான்? அவன் செத்துவிட்டான், நான் வேறு ஆள் என்பான். ரெபேக்கா பாடுவாள் என்பது அவள் புருஷனுக்கும்தான் தெரியும். இவர் சொன்னதில் எதுவும் இவர் தேவசகாயம் இல்லை என்று காட்டவில்லை. காட்டக்கூடியது என் முந்தானை முடிச்சில் இருந்தது.

அதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. "சரி, கழுவு. அந்தம்மா பாக்கட்டும். பாத்தா தெரிஞ்சிக்கும். ஆனா அங்க வேணாம்மா. அங்க டைம் ஆபீஸ் கிளார்க்கு வருவான். தெனம் பேர் கூப்புட்றவன், கூட்டத்துல நாங்க வெறும் கொரலு. படத்துல வெச்சி பாத்தான்னா இது யாரு அது யாருன்னு கேப்பான். டிக்கெட்டு போச்சின்னா நான் முனுசாமியும் இல்ல. அவன் செத்துட்டான்."

"வேறு இடம் இல்லை."

"அப்பறம் அந்தப் படம் இன்னா ஆவும்?"

"பார்க்க வேண்டியவள் பார்த்த பிறகு இருக்காது."

"நான் எப்படி நம்பறது?"

"நீங்கள் சொன்னதை நான் எப்படி நம்புகிறேனோ, அப்படி."

அவர் என்னைப் பார்த்துவிட்டு, துணியை மறுபடி தலையில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அஸ்ஸே ஆபீஸ் வாசலில் மார்த்தாக்காவை நிறுத்திவிட்டார்கள். என்னை ஒரு சிறிய அறையில் ஓர் அம்மாள் சோதித்தாள். கொண்டையை அவிழ்த்து, மயிரை விரலால் கோதி, காதுக்குப் பின்னால் பார்த்தாள். "உள்ள போவச்சே எதுக்கு?" என்று அவள் பாஷையிலேயே கேட்டேன். "வெளிய வரச்சே எதுவும் கூடியிருக்கக் கூடாதே, அதுக்கு முன்னாடியே தெரிஞ்சிக்கணும்மா. உன் பேனு இத்தினின்னு கணக்கு," என்றாள்.

உள்ளே உதவி பரிசோதகர் மிஸ்டர் பெரெய்ரா, சட்டைக்காரர் என்று நாங்கள் சொல்லும் ஆங்கிலோ இந்தியர். என் பையை மேஜை மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் இங்கிலீஷில் பேசியதன் சாரம்: "இரண்டு நாளாக இதைச் சோதித்தோம். என் துரை இதில் தங்கம் கரைக்கிற சயனைட் தேடினார். நான் முதலிலேயே சொன்னேன், இது ஹைப்போ என்று. நானும் படம் பிடிக்கிறவன்." பிறகு ஒரு பலகாரத்தைப் பாதியாக உடைத்துக் கொடுத்தார். துரைமார் ஊர்ப் பக்குவமாம். மாவுக்குள் உருளைக்கிழங்கும் இறைச்சியும் வைத்து மடித்துச் சுட்டது. நம் ஊர் சோமாசிக்குப் பெரியண்ணன், ஆனால் காரம் என்ற ஒன்றைக் கேள்விப்படாதது. நல்லவராகத் தெரிந்தார். நல்லவராகத் தெரிந்தது எனக்கு நிம்மதி தரவில்லை.

தராசு அறையை இருட்டாக்கலாம் என்றார். காற்று ஆடினால் எடை தவறும் என்பதால் அதற்கு ஒரே சன்னல், அதற்கும் கனத்த திரை. ஆனால் ஒரு விதி. கம்பெனிக்கு வெளியாள் அந்த அறையில் எதையாவது திறந்தால் கம்பெனி ஆள் ஒருவர் சாட்சியாக நிற்க வேண்டும். ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். வந்தவர் டைம் ஆபீஸ் கிளார்க்.

மறுக்கலாமா என்று யோசித்தேன். மறுத்தால் பிலிம் நாளை ஜமேதார் கையில். ஒத்துக்கொண்டால் முனுசாமியோ தேவசகாயமோ, அந்த முகம் இந்தக் கிளார்க்கின் கண்ணில். அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. தினமும் செய்கிற வேலை என்பதால் அதுவரை தோன்றவில்லை. கிளார்க்கு வெற்றிலையை மென்றுகொண்டே இருட்டறைக்குள் வரட்டும் என்றேன்.

சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் வாயிலில் ஆட்டுகிற சிவப்புக் கண்ணாடி லாந்தரைக் கொண்டுவந்தார்கள். ஈரத்துணி சுற்றிய பானையில் பேத்தமங்களாக் குழாய்த் தண்ணீர் குளிர்ந்திருந்தது. சூடான தண்ணீரில் பிலிமின் மேல் பூச்சு உரிந்துவிடும், ஆகவே முதலில் விரலை விட்டுப் பார்த்தேன். கதவைச் சாத்தினோம். கண்ணாடிக் கூண்டுக்குள் தராசு சிவப்பாக மின்னியது. நான் சுருளைப் பிரித்து, இரண்டு முனைகளையும் பிடித்து, தொட்டில் ஆட்டுவதுபோல் பைரோவில் ஏற்றி இறக்கினேன். சற்று நேரம் ஒன்றும் இல்லை. பிறகு வெயில் விழுந்த முற்றம் கறுத்து வந்தது. அதன் நடுவே உருவங்கள். முதல் படத்தில் ஓர் ஓரத்தில் விரிந்த கை. இரண்டாவதில் கை இல்லை.

ஹைப்போவில் போட்டு எடுத்ததும், கிளார்க்கு எட்டி வாங்கி லாந்தருக்கு நேரே பிடித்தார்.

"இன்னாம்மா இது. வெள்ளத் துணியெல்லாம் கருப்பா கீது. தலமயிரெல்லாம் நரச்சிப் போச்சி. எங்க ஆளுங்களயா புடிச்ச, இல்ல பேய் புடிச்சியா? இதுல என் சொந்தத் தம்பி நின்னாலும் எனக்குத் தெரியாது."

"நெகட்டிவ் அப்படித்தான்," என்றார் பெரெய்ரா. "ஒரு பிரதி போட்டுத் தரட்டுமா? முகம் தெளிவாகத் தெரியும். இவரும் பார்க்கலாம்."

"வேண்டாம். ஊரில் போட்டுக்கொள்கிறேன்," என்றேன். பெரெய்ரா என்னைக் கூர்ந்து பார்த்தார். அதற்கு மேல் கேட்கவில்லை. வெளியே வரும்போது அந்த அம்மாள் மறுபடி கொண்டையை அவிழ்த்தாள். பேன் கூடவில்லை என்றாள்.

புதன்கிழமை ஸ்டேஷனில் அதே ஜமேதார், அதே மேஜை. காமிராவை நானே திறந்து நீட்டினேன்.

"இன்னா, காலியா? இதுக்கா அன்னிக்கி அவ்ளோ ராங்கி?" காய்ந்த பிலிமைக் காகிதத்திலிருந்து உருவி வெயிலில் பிடித்துப் பார்த்தார். அவருக்கும் பேய்கள்தான் தெரிந்தன. "எடுத்துகினு போ. மொதல்லயே தொறந்திருந்தா ரெண்டு பேருக்கும் வேல மிச்சம்."

வண்டியில் அந்தப் பிலிமைப் பலமுறை எடுத்துப் பார்த்தேன். எனக்குப் பழகிய கண். ஆனாலும் தேவசகாயத்தைப் பார்த்தே இராத நான் எதைக் கண்டுபிடிக்க முடியும்? பொய்யனின் முகமா, செத்தவன் டிக்கெட்டில் பிழைக்கிறவன் முகமா என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

மருந்துசாலைப் பின்கட்டில், வெயிலில், ரெபேக்காவும் நானும் மட்டும். நெகட்டிவுக்குக் கீழே வெயில் காகிதத்தை வைத்துச் சட்டத்தில் பூட்டினேன். இந்தக் காகிதத்துக்கு மருந்து வேண்டாம், வெயில் பட்டாலே படம் ஏறிவிடும். ஆனால் ஏறிய பிறகு ஹைப்போவில் போட்டு நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் காணும்போதெல்லாம் கறுத்துக்கொண்டே போகும்.

அவளிடம் நான் ஊரிகத்தில் கேட்டது எதையும் சொல்லவில்லை. காரணம் இருந்தது. சாமுவேல் வாத்தியார் நல்லவர், இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று அவள் விரும்புகிறாள். படத்தில் இருப்பது அவள் புருஷனேயானாலும், இல்லை என்று சொல்ல அவளுக்கு ஒரு நொடி போதும். போன இடத்தில் எல்லோரையும் சந்தேகித்துவிட்டு, இங்கே வந்து தோழி என்பதற்காக விட முடியுமா?

சட்டத்தைத் திறந்து கொடுத்தேன். இரண்டாவது படம், ஓரத்து முகம். அவள் காகிதத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். மகிழ்ச்சி வரும், அதை மறைப்பாள் என்று காத்திருந்தேன். அவள் முகத்தில் ஒன்றும் வரவில்லை. காகிதத்தைக் கீழே வைத்தாள்.

"இந்தாளு யாருன்னே எனக்குத் தெரியாது," என்றாள். பிறகு, "தேவசகாயத்த எங்க பொதைச்சாங்களாம்?" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை; அந்தப் பேருக்கு வேறு ஒருவர் பதில் சொல்கிறார் என்பதே அவளுக்குப் போதுமாயிருந்தது. அவள் வாயிலிருந்து அந்தப் பெயரை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். உயிரோடு இருக்கிற புருஷனின் பெயரை அவள் அப்படிச் சொல்லமாட்டாள். அதற்கு மேல் எனக்கு ஒரு சாட்சியும் தேவைப்படவில்லை. மெழுகுவர்த்தியைப் பற்றிச் சொன்னேன். சூடத்தைப் பற்றியும் சொன்னேன். ஒருவர் ஏழு வருஷமாக அவர் பெயரில் ஷிப்டுக்குப் போய்வருவதைச் சொன்னபோது, "போகட்டும், அந்தப் பேராவது சம்பாதிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அழுதாள்.

ஐயர் முன்னால் அவள் வேதபுத்தகத்தின் மேல் கை வைத்தாள். "அந்தப் பேர் கூப்பிட்டதற்குப் பதில் சொன்னவர் இவர்தான் என்று போய்ப் பார்த்து வந்தவள் சொல்கிறாள். இவர் என் கணவர் இல்லை." ஐயர் திருப்தியடைந்தார். மூன்றாம் அறிக்கை அந்த ஞாயிறே வாசிக்கப்பட்டது. ஞானமுத்துதான் படத்தை வாங்கி மூக்கருகே வைத்துக்கொண்டார். "நான் அடுத்த மாசம் ஊரிகம் போவேன் இல்ல. இந்த மூஞ்சிய அங்க தேடிப் பார்க்கிறேன். படம் சபையில இருக்கட்டும் ஐயரே. எப்ப சந்தேகம் வந்தாலும் வந்து பார்த்துக்கலாம்."

ஐயர் அதை மேஜை இழுப்பறையில் வைத்தார்.

நெகட்டிவில் அந்த ஓரத்தைக் கத்தரித்து அன்றே அடுப்பில் போட்டிருந்தேன். பிலிம் சட்டென்று பற்றி எரிந்துவிடும், சாம்பல்கூடத் தேறாது. மருந்துசாலை அலமாரியில் ஹைப்போ இருந்தது. படத்தை ஐயரிடம் கொடுப்பதற்கு முன்னால் அந்த அலமாரியை நான் திறக்கவில்லை.

ஞானமுத்து சந்தேகப்படுவதை நிறுத்தவில்லை. கோயிலுக்கு வரும்போதெல்லாம் ஐயரிடம் கேட்டு, படத்தை வாங்கி, சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் உற்றுப் பார்க்கிறார். போன தடவை என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா கம்பவுண்டரம்மா, முன்ன நல்லா தெரிஞ்சுதே, இப்ப மசமசன்னு இருக்கே?" என்றார்.

கண் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னேன்.